டிஸ்க் பிரேக் உரசுகிறதா?

கேள்வி: சைக்கிளுக்குக் கேபிள் டிஸ்க் பிரேக் நானே மாட்டினேன். ‘சர்சர்’ரென்று உரசுகிறது, பிடிக்கவும் இல்லை. பொருளே மட்டமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பொருளைத் திட்டுவதற்கு முன் சக்கரம் ஃபோர்க்கில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. விடாமல் உரசினால் காலிப்பர் கோணல். புதிதாக மாட்டியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான்.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் 5 மி.மீ. ஆலன் கீயால் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரப் பக்கத்து அசையாத பேடை, அதற்குரிய திருகால் டிஸ்க்கைத் தொடுமளவு உள்ளே தள்ளுங்கள். லீவரை இறுக்கிப் பிடித்தபடியே போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒன்றை மட்டும் ஒரேயடியாக முடுக்கினால் காலிப்பர் திரும்பிக்கொள்ளும். கடைசியில் அந்தத் திருகைச் சற்றுப் பின்னோக்கித் திருப்புங்கள்.

பிடிக்காததற்கு எண்ணெய் விரல் பட்டது காரணமாக இருக்கலாம். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்; எண்ணெய் ஊறிய பேடைத் தூக்கிப்போடுங்கள். எண்ணெயே படாத புது பேடும் உடனே பிடிக்காது. ஆளில்லாத சாலையில் வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் பிரேக் பிடித்து விடுங்கள். இருபது தடவையாவது செய்யவேண்டும். முடிந்த கையோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுடும்.