பொதுக் கணினியில் மென்பொருள் போடும்போது: "எனக்கு மட்டும்" என்றால் யாருக்கு?



பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களில் பலருக்குச் சொந்தக் கணினி இல்லை. ஒரு வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கும் ஒரே லப்டொப். அதுவும் யாரோ கொடுத்த பழையது. இல்லாவிட்டால் லைப்ரரிக்கோ ஆங்கில வகுப்பு நடக்கும் கொலிஜுக்கோ போகவேண்டும். சொலிசிட்டரோடு வீடியோவில் பேச ஒன்று, தமிழில் எழுத ஒன்று, கடிதம் தயாரிக்க ஒன்று என்று எல்லா மென்பொருளையும் அந்தப் பொதுக் கணினியில்தான் போடப் பார்க்கிறோம். அதை எப்படிப் போடுவது, எப்போது போடாமல் விடுவது என்பதுதான் இந்த இதழின் பாடம்.

ஒரு தம்பி எங்களிடம் வந்தார். வந்து கனநேரம் ஒன்றும் பேசவில்லை. தன்னுடைய வழக்குக்கான வாக்குமூலத்தை வீட்டு லப்டொப்பில் தமிழில் எழுதி வைத்திருந்தார். தமையனைப் பிடித்துக்கொண்டு போனது முதல் எல்லாம் அதில் இருந்தது. அந்த வீட்டில் ஒருவருக்கும் அவர் அதைச் சொன்னதில்லை. அடுத்த நாள் சமையலறையில் கூட இருக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "மச்சான், உன்ர தமையனை எப்ப பிடிச்சவங்கள்?"

கேட்டவர் கெட்டவர் அல்ல. எழுதும் மென்பொருளைத் திறந்தபோது கடைசியாக எழுதிய ஃபைல்களின் பட்டியல் வந்தது. அமத்திப் பார்த்தார், அவ்வளவுதான்.

"ரீச்சர், நான் 'எனக்கு மட்டும்' எண்டுதானே போட்டனான்" என்றார் தம்பி. அவர் சொன்னது உண்மை. ஆனால் கணினிக்கு 'நான்' என்றால் ஆள் அல்ல, கணக்கு. அந்த வீட்டில் நான்கு பேரும் ஒரே கணக்கில், ஒரே பாஸ்வேர்ட்டில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே கணினியின் கண்ணுக்கு நான்கு பேரும் ஒரே ஆள்தான்.

பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். கரும்பலகை எல்லோருக்கும் பொது. கொப்பி அவரவருடையது. மென்பொருள் கரும்பலகை மாதிரி, அது பொதுவாக இருந்தால் குற்றமில்லை. உங்கள் கணக்குத்தான் கொப்பி. நான்கு பிள்ளைகள் ஒரே கொப்பியில் எழுதினால் எல்லோரும் எல்லாவற்றையும் வாசிப்பார்கள்தானே.

மென்பொருளைப் பயன்படுத்த மூன்று வழிகள்

1. எல்லோருக்கும் பொதுவாகப் போடுவது. திரையில் 'இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்' என்று வரும். கணினியில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் அந்த மென்பொருள் கிடைக்கும். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது கணினியின் பொறுப்பாளர், அனுமதி தரவேண்டும். எழுதும் மென்பொருள் போல வீட்டில் எல்லோருக்கும் தேவையானதை இப்படி ஒருமுறை போட்டால் இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கணக்கில் எழுதினால் ஒருவரின் கடிதம் மற்றவரின் பட்டியலில் வராது.

2. உங்கள் கணக்குக்கு மட்டும் போடுவது. 'ஜஸ்ட் மீ' அல்லது 'ஒன்லி ஃபோர் மீ' என்று வரும். இதற்குப் பெரும்பாலும் பொறுப்பாளரின் பாஸ்வேர்ட் தேவையில்லை. கூகிள் குரோம் போன்ற சில மென்பொருட்கள் முதலில் பொறுப்பாளர் அனுமதியைக் கேட்கும். 'நோ' என்று அமத்தினால், அனுமதி இல்லாமல் உங்களுக்கு மட்டும் போடவா என்று கேட்கும். உங்களுக்கென்று தனிக் கணக்கு இருந்தால்தான் இந்த வழிக்கு அர்த்தம் உண்டு.

3. ஒன்றும் போடாமலே பயன்படுத்துவது. பலருக்கு இது தெரிவதில்லை. சூம் கூட்டத்துக்கு வரும் இணைப்பை அமத்தினால் மென்பொருளை இறக்கச் சொல்லும். பொறுமையாகக் கீழே பாருங்கள். உலாவியிலேயே சேருவதற்கு 'ஜொயின் ஃப்ரம் யுவர் பிரவுசர்' என்ற வழியும் பெரும்பாலும் இருக்கும். கடிதம் எழுத கூகிள் டொக்ஸ் உலாவியிலேயே இலவசமாக வேலை செய்யும்.

எந்த இடத்தில் எந்த வழி?

லைப்ரரியில்: மூன்றாவது வழி மட்டும். அங்கே மென்பொருள் போடப் பொதுவாக அனுமதி இல்லை. உலாவியில் 'பிரைவேட்' அல்லது 'இன்கொக்னிற்றோ' ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். அதை மூடியதும் நீங்கள் போன பக்கங்களின் பதிவு அந்த உலாவியில் நிற்காது. ஆனால் நீங்கள் இறக்கிய ஃபைல் கணினியில் அப்படியே இருக்கும். எழும்பிப் போகுமுன் அதை அழித்து, குப்பைக் கூடையையும் வெறுமையாக்கி, 'சைன் அவுட்' செய்யுங்கள்.

கொலிஜ் அல்லது அலுவலகத்தில்: அங்குள்ள கணினிகள் ஒன்றோடொன்று வலையமைப்பில் இணைந்தவை. ஒன்றில் கெட்ட மென்பொருள் புகுந்தால் மற்றவற்றுக்கும் பரவக்கூடும். ஆகவே யு.எஸ்.பி.யில் மென்பொருள் கொண்டுபோய்ப் போடவேண்டாம். தேவையானதைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை, அவருடைய வேலையே அதுதான்.

வீட்டு லப்டொப்பில்: முதலில் தனிக் கணக்கு, பிறகுதான் மென்பொருள். விண்டோஸ் 11 என்றால் லப்டொப்பின் பொறுப்பாளராக இருப்பவர் இப்படிச் செய்யவேண்டும்: 'செற்றிங்ஸ்' என்பதைத் திறந்து, 'எக்கவுண்ட்ஸ்', பிறகு 'அதர் யூசர்ஸ்', பிறகு 'அட் எக்கவுண்ட்'. புதிய கணக்கு சாதாரணக் கணக்காகத்தான் உருவாகும். அது போதும். பாஸ்வேர்ட்டை நீங்களே போடுங்கள், மற்றவர் போட்டுத் தரவேண்டாம். லப்டொப்பில் இன்னும் விண்டோஸ் 10 இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மாற்ற வழி உண்டா என்று எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

தமிழில் எழுதுவதற்கு

பாமினி எழுத்துருவில் எழுதிப் பழகியவர்கள் எங்களில் நிறையப் பேர். பாமினியில் எழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளரால் அதை வாசிக்க முடியாது. லைப்ரரியில் எழுத்துருவைப் போடவும் முடியாது. விண்டோஸுக்குள்ளேயே யூனிக்கோட் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. 'செற்றிங்ஸ்' சென்று மொழிகளில் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் 99 முறையிலும் எழுதலாம், ஆங்கில ஒலியை வைத்தும் எழுதலாம். யூனிக்கோட்டில் எழுதியதை சொலிசிட்டரின் கணினியிலும் வாசிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

• பொறுப்பாளர் கணக்கு வைத்திருப்பவர் விரும்பினால் மற்றக் கணக்குகளின் ஃபைல்களையும் திறக்கலாம். தனிக் கணக்கு அறைக் கதவு மாதிரி, இரும்புப் பெட்டி அல்ல. வாக்குமூலம், வைத்திய அறிக்கை, ஊரில் உள்ளவர்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பொதுக் கணினியில் சேமிக்கவே வேண்டாம். உங்களுடைய சொந்த ஈமெயிலில் வையுங்கள். வேலை முடிந்ததும் வெளியேறுங்கள். உலாவி "பாஸ்வேர்ட்டை ஞாபகம் வைக்கவா?" என்று கேட்டால் 'நோ'.

• மென்பொருளை அழித்தால் அதில் எழுதிய கடிதங்கள் அழியாது. அவற்றைத் தனியாக அழிக்கவேண்டும்.

• காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளை "கிராக்" செய்து சும்மா தருகிறோம் என்பவர்களை நம்பவேண்டாம். எழுதுவதற்கு லிப்ரே ஒஃபிஸ் சட்டப்படியே இலவசம். அதன் சொந்த இணையத்தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

• "ஃபோர்ம் நிரப்பித் தாறன், இந்தச் சொவ்ட்வெயாரைப் போடுங்கோ" என்று யாராவது ரெலிபோனில் சொன்னால் வைத்துவிடுங்கள். அது தூரத்தில் இருந்து உங்கள் கணினியை இயக்கும் மென்பொருளாக இருக்கலாம். அதன் வழியாக நான்கு பேரின் ஃபைல்களும் போகலாம்.

வீட்டுப்பாடம்

இன்று வீட்டு லப்டொப்பைத் திறந்து எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆட்கள் நான்கு, கணக்கு ஒன்று என்றால் எல்லோரும் ஒன்றாக இருந்து மாற்றுங்கள். இது ஒருவரையொருவர் சந்தேகப்படுவது ஆகாது. மற்றவரின் துன்பத்தைத் தெரியாமல் வாசித்துவிட்டு சங்கடப்படாமல் இருப்பதற்கும் இதுதான் வழி.

அந்தத் தம்பியின் வீட்டில் இப்போது நான்கு கணக்குகள். வாக்குமூலம் லப்டொப்பில் இல்லை. சமையலறையில் கேள்வி கேட்டவர்தான் முதல் ஆளாக வந்திருந்து மற்றவர்களுக்கும் கணக்குத் திறந்து கொடுத்தார்.

விளங்காத இடம் இருந்தால் லப்டொப்பையும் கொண்டு எங்களிடம் வாருங்கள். சேர்ந்திருந்து செய்வோம்.