தவிலுக்கு கம்ப்ரெஸர் போடத் தெரியுமா? அதை வீடியோவாக எடுங்கள்

கே.கே. நகரில் ஒரு மாடி அறை, ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். மதுரையில் ஹோம் ஸ்டுடியோ வைத்திருக்கும் பலருக்கும் மூலதனம் இவ்வளவுதான். வேலை வராமல் இல்லை. பக்திப் பாடல் ஆல்பம் வரும், குறும்படத்துக்கு டப்பிங் வரும், காதணி விழாவுக்குப் பாட்டு வரும், தேர்தல் நேரத்தில் கட்சிப் பாட்டு வரும். ஆனால் ரேட்டை முடிவு செய்வது பெரும்பாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர். அடுத்த தெருப் பையன் 500 ரூபாய் குறைத்தால் வேலை அங்கே போய்விடும்.

காரணம் எளிது. உங்கள் திறமைக்கு உங்களிடம் சாட்சி இல்லை. முடிந்த பாட்டைப் போட்டுக் காட்டினால், அதில் பாடகர் எவ்வளவு, கீபோர்டு பிளேயர் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் ஒரு பிளக்-இன்னைத் திறந்து, ஒரு நாபைத் திருப்பி, ஏன் திருப்பினீர்கள் என்று சொல்லும் வீடியோவில் உங்கள் காதும் கையும் தனியாகத் தெரிகின்றன. வடபழனியிலோ சாலிகிராமத்திலோ அசிஸ்டென்ட் தேடும் இன்ஜினியருக்கு எந்த பயோடேட்டாவும் இதைச் சொல்லாது.

இது புதிய வழியும் இல்லை. ரீப்பர் சாஃப்ட்வேரின் அதிகாரபூர்வ தளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பாடம் எடுப்பவர் கென்னி ஜோயா என்ற அமெரிக்க மிக்சிங் இன்ஜினியர். ஃபேப்ஃபில்டர் நிறுவனத்தின் ஈக்யூ, கம்ப்ரெஸர் வீடியோக்களில் கேட்கும் குரல் டான் வொரால் என்ற பிரிட்டிஷ் இன்ஜினியருடையது. பிளக்-இன்னை எழுதியவர்கள் வேறு, அதை விளக்கிப் பெயர் வாங்கியவர்கள் வேறு. தெளிவாக விளக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் தனி மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் அந்த இடங்களில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழில் நாற்காலி காலியாக இருக்கிறது. அது அதிக நாள் காலியாக இருக்காது.

1. பிளக்-இன்னை அறிமுகம் செய்யாதீர்கள், பிரச்சினையைத் தீருங்கள்

'இந்த கம்ப்ரெஸரில் உள்ள எல்லா பட்டன்களும்' என்று 40 நிமிடம் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். மேனுவலில் இருப்பதை நீங்கள் வாசித்துக் காட்டுவதால் உங்களுக்கு என்ன பெயர்? 'நாதஸ்வரம் காதைக் குத்துகிறதா? 6 நிமிடத்தில் சரி செய்யலாம்' என்று எடுங்கள். தேடுபவர் பிளக்-இன் பெயரை வைத்துத் தேடுவதில்லை. தன் தலைவலியை வைத்துத் தேடுகிறார். ஒரு வீடியோ, ஒரு பிரச்சினை, ஒரு பிளக்-இன். அதற்கு மேல் வேண்டாம்.

2. உங்கள் ஊர்ச் சத்தத்தை எடுங்கள்

டிரம் செட்டுக்கும் எலெக்ட்ரிக் கிதாருக்கும் ஆயிரக்கணக்கில் வீடியோக்கள் இருக்கின்றன. அந்தப் போட்டியில் நுழைந்து நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. பறை, உறுமி, தவில், நாதஸ்வரம், பம்பை: இவற்றை எப்படி ஈக்யூ செய்வது என்று எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்? பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. திருமண மண்டபங்களில் வாசிக்கும் கலைஞர்கள் உங்கள் போன் லிஸ்ட்டில் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து அரை மணி நேரம் ரெக்கார்ட் செய்யுங்கள். அதற்குப் பணம் கொடுங்கள், வீடியோவில் பெயர் போடுங்கள், எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரெக்கார்டிங் பல வீடியோக்களுக்குத் தாங்கும். வேறு யாரிடமும் அது இருக்காது.

சினிமாப் பாட்டின் டிராக்கை வைத்து டெமோ காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்துவிடும். உரிமை வைத்திருப்பவர் வீடியோவை முடக்கலாம், அல்லது வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். உழைப்பு உங்களுடையது, காசு அவருடையது.

3. முதலில் ஸ்கிரிப்ட், பிறகுதான் ரெக்கார்ட் பட்டன்

இதில் நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். இலவச சாஃப்ட்வேர்களுக்கு 10 நிமிட அளவில் வீடியோ பாடங்கள். ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரும் அதில் அடக்கம். திரையில் இருப்பது ஆங்கிலம், காதில் கேட்பது தமிழ் உட்படப் பல இந்திய மொழிகள். அவர்கள் ஸ்கிரிப்ட்டை இரண்டு பத்திகளாக எழுதுகிறார்கள். இடப்பக்கம் திரையில் என்ன நடக்கிறது, வலப்பக்கம் என்ன பேசுகிறோம். வெளியிடும் முன் அந்த சாஃப்ட்வேரே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவரால் பின்தொடர முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்கும் ஒரு பையனையோ பெண்ணையோ உட்கார வைத்து, வீடியோவைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பில் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிறுத்திப் பின்னால் இழுக்கிறாரோ, அந்த இடத்தைத் திரும்ப எடுங்கள்.

4. லெவல் மேட்ச் செய்யாத டெமோ செல்லாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் இதைப் பிடியுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே மனிதக் காது 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். 1 டெசிபல் கூடினாலே போதும். பிளக்-இன்னை ஆன் செய்தால் வால்யூம் ஏறுகிறது, ஆஃப் செய்தால் இறங்குகிறது என்றால், நீங்கள் காட்டுவது வால்யூம் வித்தியாசத்தை மட்டும்தான். புதியவர் ஏமாந்துவிடுவார். அனுபவமுள்ள இன்ஜினியர் 10 வினாடியில் வீடியோவை மூடிவிடுவார். உங்களுக்கு வேலை தரப்போவது அந்த இரண்டாவது ஆள்.

செய்து பார்ப்போம். ஒரு தவில் டிராக். வலந்தலையில் விரல்கூடு அடிக்கும் 'டக்' என்ற கூர்மையும், தொப்பியில் குச்சி விழும் கனமும் அதில் இருக்கின்றன. கல்யாணப் பாட்டு மிக்ஸில் சில அடிகள் மட்டும் துள்ளி வெளியே வருகின்றன, மற்றவை அமுங்கிவிடுகின்றன. ரீப்பரோடு வரும் ரியாகாம்ப்பைத் திறங்கள். ரேஷியோ 4:1. அட்டாக் 1 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100. மீட்டர் 5 அல்லது 6 டெசிபல் குறையும் வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். இப்போது கேளுங்கள். அடிகள் சமமாகிவிட்டன, ஆனால் விரல்கூட்டின் கூர்மையும் போய்விட்டது. அட்டைப்பெட்டியில் தட்டுவது போல இருக்கும். அட்டாக்கை மட்டும் 25 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோங்கள். 'டக்' திரும்பி வந்துவிடும். அதன் பிறகு வரும் அதிர்வை மட்டும் கம்ப்ரெஸர் பிடிக்கும். அட்டாக்கைத் தள்ளியதில் மீட்டர் இறங்குவது குறைந்திருக்கும். த்ரெஷோல்டை இன்னும் சற்று இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஆட்டோ மேக்-அப்பை அணைத்துவிட்டு, யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பை டிராக்கின் கடைசியில் போடுங்கள். பைபாஸில் ஒரே பகுதியை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரெஸரோடு அதே பகுதியை மறுபடி ஓட்டுங்கள். எண் 4 குறைந்திருந்தால் அவுட்புட்டை 4 டெசிபல் ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாகும் வரை விடாதீர்கள். இதைத் திரைக்குப் பின்னால் செய்யாதீர்கள். மீட்டரைத் திரையிலேயே வையுங்கள். 'பாருங்கள், இரண்டும் ஒரே லெவல், இப்போது வித்தியாசத்தைக் கேளுங்கள்' என்று சொல்லுங்கள். நேர்மையும் தொழில்நுட்ப அறிவும் சேர்ந்து தெரியும் இடம் அது. பெயர் நிற்பது அங்கேதான்.

சில நேரம் லெவல் மேட்ச் செய்த பிறகு வித்தியாசமே கேட்காது. கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். 'இந்த இடத்தில் இந்த பிளக்-இன் தேவையில்லை' என்ற முடிவும் நல்ல பாடம்தான். அதைச் சொல்லும் ஆளை நம்பி அடுத்த வீடியோவுக்கு வருவார்கள்.

5. ரெக்கார்டிங்கில் மாட்டும் இடங்கள்

ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம், போதுமானது. ஆனால் விண்டோஸில் பலர் முதல் நாளே முட்டிக்கொள்வது இங்கே: வீடியோ பதிவாகும், பாட்டுச் சத்தம் வராது. உங்கள் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஆசியோ டிரைவர் வழியாக ஆடியோவை நேராக இன்டர்ஃபேஸுக்கு அனுப்புகிறது. ஓபிஎஸ் கேட்பது விண்டோஸின் சத்தத்தை. இரண்டும் சந்திப்பதே இல்லை. ரியாபிளக்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் ரியாஸ்ட்ரீம் இருக்கிறது. மாஸ்டர் டிராக்கில் ஒன்றைப் போட்டு அனுப்பும் நிலையில் வையுங்கள். ஓபிஎஸ்ஸில் ஒரு ஆடியோ சோர்ஸுக்கு விஎஸ்டி ஃபில்டராக இன்னொன்றைப் போட்டுப் பெறும் நிலையில் வையுங்கள். வேலை முடிந்தது. பேச்சையும் பாட்டையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு பேச்சை ஏற்றி இறக்கினாலும் டெமோவின் லெவல் கலையாது.

பார்ப்பவர்களில் பலர் கையில் இருப்பது போன். 4கே திரையில் பதிவு செய்தால் நாபில் எழுதியிருக்கும் எண் எறும்பு போலத் தெரியும். டிஸ்ப்ளேயை 1080க்கு இறக்குங்கள், பிளக்-இன் விண்டோவைப் பெரிதாக்குங்கள், மவுஸ் கர்சரையும் பெரிதாக்குங்கள். போன் ஸ்பீக்கரில் உறுமியின் அடி நாதம் கேட்கவே கேட்காது. பேஸ் பற்றிய வீடியோ என்றால் ஆரம்பத்திலேயே 'ஹெட்போன் போடுங்கள்' என்று சொல்லுங்கள். வாக்ஸெங்கோ ஸ்பேன் போன்ற இலவச அனலைசரில் அந்த மாற்றத்தைக் கண்ணுக்கும் காட்டுங்கள். யூடியூப் ஆடியோவைச் சுருக்குவதால் நுணுக்கமான வித்தியாசங்கள் கரைந்துவிடும். அதனால் முன், பின் இரண்டின் வேவ் ஃபைலையும் டவுன்லோட் செய்யக் கொடுங்கள்.

பேச்சைப் பதிவு செய்ய மாட்டுத்தாவணி பஸ்களின் ஹாரன் அடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பேசினால் எதிரொலி குறையும். சவுண்ட் பாடம் எடுப்பவரின் குரலே இரைச்சலாக இருந்தால் மற்றதை யார் நம்புவார்?

6. பேசுவது போலப் பேசுங்கள்

த்ரெஷோல்டு, ரேஷியோ, ஃபீட்பேக் எல்லாம் அப்படியே இருக்கட்டும். திரையில் அந்த வார்த்தைகள்தானே இருக்கின்றன. ஆனால் விளக்கம் ஸ்டுடியோவில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் தமிழில் வரட்டும். மதுரைப் பேச்சை மறைக்கத் தேவையில்லை. 'ஹாய் கைஸ், வெல்கம் டு மை சேனல்' என்று ஒரு நிமிடத்தைக் கரைக்காதீர்கள். முதல் வினாடியில் கெட்ட சத்தம், ஐந்தாவது வினாடியில் சரியான சத்தம், பிறகு உங்கள் பெயர்.

7. கிராக் வெர்ஷன் திரையில் வந்தால் கதை முடிந்தது

திருட்டு பிளக்-இன்னை வைத்துப் பாடம் எடுக்கும் சேனலோடு எந்த நிறுவனமும் பேசாது, நல்ல ஸ்டுடியோவும் பேசாது. அதற்கு அவசியமும் இல்லை. டிடிஆர் நோவா இலவசம். நாதஸ்வரம் குத்தும் நேரத்தில் மட்டும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அமுக்கும் டைனமிக் ஈக்யூ வேலையை அது செய்கிறது. வல்ஹல்லா சூப்பர்மாஸிவ் இலவச ரிவர்ப். ரீப்பரை 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம், பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். இலவசக் கருவியில் நல்ல ரிசல்ட் காட்டுபவருக்குக் கூடுதல் மரியாதை, பார்ப்பவரும் அன்றே செய்து பார்க்க முடியும்.

பணம் எங்கிருந்து வரும்? யூடியூப் விளம்பரத்தை முதல் வரவாகக் கணக்கில் வைக்காதீர்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் 1 கோடி வியூ. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்பே வரக்கூடியது மிக்சிங் ஆர்டர். ஒவ்வொரு வீடியோவின் விளக்கத்திலும் என்ன வேலை எடுக்கிறீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள், எப்படித் தொடர்புகொள்வது என்று மூன்று வரி எழுதுங்கள். அடுத்து ஒன்-டு-ஒன் ஆன்லைன் வகுப்பு. வீடியோவைப் பார்த்துவிட்டு சந்தேகம் கேட்பவரில் நூற்றுக்கு ஒருவர் பணம் கொடுத்துக் கற்கத் தயாராக இருந்தாலே நல்ல தொடக்கம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர்களும் அதே தேடலில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பிளக்-இன் நிறுவனங்கள். சின்ன நிறுவனங்களில் இருந்து தொடங்குங்கள். அவர்கள் மெயிலைப் படிக்கிறார்கள். 'ஸ்பான்சர் பண்ணுங்கள்' என்று எழுதாதீர்கள். முதலில் அவர்கள் பிளக்-இன்னில் ஒரு பக் கண்டுபிடித்து, எந்த வெர்ஷன், எந்த சாஃப்ட்வேர், என்ன செய்தால் நடக்கிறது என்று ஒழுங்காக எழுதி அனுப்புங்கள். அதோடு உங்கள் வீடியோ லிங்க். அதில் ஆங்கில சப்டைட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. இப்படி பீட்டா டெஸ்டர் ஆகலாம், விற்பனைக்கல்லாத லைசென்ஸ் கிடைக்கலாம், பிறகு தமிழ் வீடியோவுக்கான பேச்சும் வரலாம்.

லைசென்ஸோ பணமோ வாங்கினால் வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதலும் அதையே கேட்கிறது. சொல்லாமல் விட்டு பிறகு தெரியவந்தால், லெவல் மேட்ச் செய்து சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

ஸ்டுடியோவில் இருந்து அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லிங்க்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்த வீடியோவின் செஷன் ஃபைலை, பிளக்-இன் போடாத ரா டிராக்கோடு, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். 'இதை இங்கேயே செய்து காட்டு' என்று கேட்பார்கள். அவர்கள் சிஸ்டத்தில் உங்கள் பிளக்-இன் இருக்காது. அதே தவில் பிரச்சினையை அங்கே இருக்கும் ஏதோ ஒரு கம்ப்ரெஸரில் தீர்க்கப் பழகிவிட்டுப் போங்கள்.