கத்திக்கு முன் கூடும் சபை

அன்புள்ள மங்கைக்கு,

உன் தோழியின் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று நிச்சயமான பின்னும், கட்டியை உடனே அகற்றாமல் முதலில் சில மாதங்கள் கீமோதெரபி மருந்து ஏற்றத் தீர்மானித்திருக்கிறார்களே, இது அலட்சியமா, நம்பிக்கை இழந்ததன் அடையாளமா என்று கலங்கி எழுதியிருந்தாய். இரண்டும் அல்ல, குழந்தாய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பால்டிமோர் நகரத்து ரண சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், இந்நோய் ஓரிடத்தில் தோன்றிப் படிப்படியாகவே பரவும் என்று கருதி, மார்பகத்தோடு அதன் அடித்தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை நிலைநாட்டினார். அவருக்குப் பின் பல தலைமுறைப் பெண்கள், வீங்கிய கரத்தோடும் குழிந்த மார்போடும் எஞ்சிய காலத்தைக் கழித்தார்கள். நோயணுக்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியே பிரயாணம் செய்யக்கூடுமாதலால், கத்தியை ஆழமாக இறக்குவதால் மட்டும் ஆயுள் நீளாது என்று வாதிட்ட பிட்ஸ்பர்க் மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர், 1976-இல் தொடங்கிய பரிசோதனையின் இருபதாண்டு முடிவை 2002-இல் வெளியிட்டார். சிறிய கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும், மார்பகம் முழுவதையும் இழந்தவர்களும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்தார்கள்! மிலான் நகரத்து வெரோனேசியின் ஆய்வும் அதையே உறுதிசெய்தது. அந்த முடிவுகளுக்காகத் தங்கள் தேகத்தையே ஒப்படைத்த பெயரறியாத ஸ்திரீகளை நான் மிகுந்த பக்தியோடு நினைக்கிறேன்.

ஆகவே இன்று முதற்கேள்வி எவ்வளவு வெட்டுவது என்பதன்று, எதை முதலில் செய்வது என்பதே. ஊசியால் எடுத்த சிறு திசுவைச் சோதிக்கும் நோய்க்குறியியல் நிபுணர், கட்டி ஹார்மோனால் வளர்வதா, அதில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்துள்ளதா என்று சொன்ன பிறகே, டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையா, 1998 முதல் வழக்கத்துக்கு வந்த டிராஸ்டுசுமாப் ஊசியா, கீமோதெரபியா என்பது தெளிவாகும். அதனால்தான் அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்று துறையினரும் ஸ்கேன் பார்ப்பவரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் அபிப்பிராயத்தை மற்றவர் சோதித்துத் தீர்மானிக்கிறார்கள். கட்டி பெரிதாயின், மருந்தால் சுருக்கியபின் அறுப்பது மார்பகத்தைக் காக்கவும் உதவலாம். மருந்து எவ்வளவு பலித்தது என்பதும் கண்முன் தெரியும். நம் அடையாற்றில், முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் சாந்தாவும் சகாக்களும், முற்றிய கட்டிகளுக்கு மருந்தையும் கதிரையும் முன்னே தந்து பின்னர் அறுவை செய்யும் வழியை நெடுங்காலம் கையாண்டிருக்கிறார்கள்.

சிலவற்றை மட்டும் தோழியைக் கேட்கச் சொல்: கட்டி முழுதும் கரைந்துவிட்டால் அது இருந்த இடம் பிற்பாடு அறுவை நிபுணருக்குத் தெரியவேண்டுமே, அதற்காக உள்ளே நுண்ணிய உலோகக் குறி வைத்திருக்கிறார்களா? டிராஸ்டுசுமாப் தருவதானால், இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தார்களா? அறுவைக்குப்பின் தோள் இறுகாமலிருக்கப் பிசியோதெரபிஸ்ட் கற்பிக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? அறிக்கைகள் அனைத்தையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்திருக்கட்டும். மருந்து ஏற்றிவரும் காலத்தில் வெள்ளணுக்கள் குறைவதால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுநிசியானாலும், வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா