கொடை பேனருக்கு கேமிங் கம்ப்யூட்டர் தேவையா?

கேள்வி: டி.டி.பி. படித்துவிட்டு டவுனில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். இப்போது பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே டிசைன் வேலை தொடங்கப் போகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஃபிளெக்ஸ் பேனர்தான் அதிகம் வரும். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. தம்பி கேமிங் கம்ப்யூட்டர் என்கிறான், தோழி மேக் என்கிறாள், கடைக்காரர் பழைய லேப்டாப் ஒன்றைக் காட்டுகிறார். எதை வாங்கலாம்?
— வாசகி, பேட்டை, திருநெல்வேலி

பதில்: மூன்றும் வேண்டாம். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வாங்குங்கள்.

உங்கள் வேலையிலேயே கனமானது ஃபிளெக்ஸ் பேனர்தான், அதை வைத்தே கணக்குப் போடுவோம். 10 அடிக்கு 8 அடி பேனரை 72 ரெசல்யூஷனில் திறந்தால் 8,640-க்கு 6,912 பிக்சல். சுமார் 6 கோடிப் புள்ளிகள். சி.எம்.ஒய்.கே.யில் புள்ளிக்கு 4 பைட். ஆக, முழுதும் நிறைந்த ஒரு லேயருக்கே ஏறக்குறைய 240 எம்.பி. நினைவகம் வேண்டும். அம்மன் படம், பின்னணி, அதன்மேல் விழாக் கமிட்டியார் அத்தனை பேர் முகமும் ஏறினால் (ஒருவரையும் விட முடியாது, விட்டால் பேனரே கம்பத்தில் ஏறாது) ஒரு ஜி.பி.யைச் சுலபமாகத் தாண்டும். இதையே பழக்கதோஷத்தில் 300 ரெசல்யூஷனில் தொடங்கினால் 36,000-க்கு 28,800. ஒரு லேயருக்கு 4 ஜி.பி. அப்போது எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். 30,000 பிக்சலைத் தாண்டிய கோப்பை பி.எஸ்.டி.யாகச் சேமிக்கவும் முடியாது. தூரத்தில் நின்று பார்க்கிற பேனருக்கு 72 தாராளம். 300 என்பது கையில் வைத்துப் பார்க்கிற பத்திரிகைக்கு.

ஆகவே பணம் போக வேண்டிய இடம் ரேம். 16 ஜி.பி. இல்லாமல் தொடங்காதீர்கள், பிறகு 32 ஆக்க மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்கட்டும். ரேம் போதாதபோது போட்டோஷாப் டிஸ்க்கில்தான் எழுதி எழுதிப் படிக்கும். எனவே டிஸ்க் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டும், அதிலும் கால்வாசி இடம் எப்போதும் காலியாகக் கிடக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். முப்பரிமாணம், வீடியோ என்று போகும்போது போட்டுக்கொள்ளலாம். கோரல்டிராவுக்கும் பேனர் வேலைக்கும் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே போதும். தம்பி சொல்லும் கலர் விளக்கெல்லாம் கேபினெட்டுக்குத்தான் அழகு.

கார்டில் மிச்சமாகும் பணத்தை மானிட்டரில் போடுங்கள். 24 அங்குல ஐ.பி.எஸ். திரை, எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களை ஏறக்குறைய முழுதாகக் காட்டுவது. மலிவான டி.என். திரையில் தலையைச் சற்று அசைத்தாலே குங்குமச் சிவப்பு வேறொன்றாகத் தெரியும். பிரகாசத்தையும் குறைத்து வையுங்கள். திரை பளீரென்று இருந்து அச்சு இருண்டு வந்தால் பார்ட்டி சண்டைக்கு வருவது உங்களிடம்தான்.

பழைய லேப்டாப்பை நான் தொடவே மாட்டேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் அநேகமாக இல்லை. மேக் நல்ல கம்ப்யூட்டர்தான், 2019 முதல் கோரல்டிராவும் அதில் கிடைக்கிறது. ஆனால் இப்போதைய ஆப்பிள் சிப் மேக்கில் பின்னால் ரேம் கூட்ட வழியில்லை. 2001-இல் கடைசிப் பதிப்பு கண்ட பேஜ்மேக்கர் கோப்பை எந்தப் பிரஸ்காரராவது நீட்டினால், அதில் பேஜ்மேக்கரை நிறுவித் திறக்கவும் முடியாது.

தமிழ் எழுத்து உடைந்தால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். போட்டோஷாப்பில் யூனிகோடு எழுத்துருவில் ‘கொடை’ என்று அடித்து, கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், டைப் அமைப்பில் இந்திய மொழிகளுக்கான லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத பிரஸ்ஸில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். எதில் அடித்தாலும் கர்வ்ஸ் ஆக்கி, பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்.

மென்பொருள் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். கிராக் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வைரஸும் அதோடுதான் வரும். சந்தா கட்ட முடிகிற வரை இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டையும் வைத்து ஓட்டலாம், இரண்டும் இலவசம்.

யு.பி.எஸ். கட்டாயம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பகுதியில் கடைகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோமே! சி.பி.யு.வைத் தரையில் வைக்க வேண்டாம்.

வாங்கப் போகும்போது நீங்கள் செய்த பெரிய பேனர் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். கடையிலேயே போட்டோஷாப்பில் திறந்து, நாலு லேயரை நகர்த்தி, சேமித்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.