படர்தாமரை: கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்



தொடையிடுக்கிலும், இடுப்பிலும், மார்புக்கு அடியிலும் வட்டம் வட்டமாகத் தடித்து, ஓரம் சிவந்து, ராத்திரி தூங்கவிடாமல் அரிக்கிறதே, அதுதான் படர்தாமரை. சில ஊர்களில் வண்டுகடி என்பார்கள். வண்டு எதுவும் கடிப்பதில்லை. காளான் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒன்று தோலின் மேற்பட்டையைத் தின்று வளர்கிறது. வியர்வையும் ஈரமும் அதற்கு உரம் போட்ட மாதிரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய், நனைந்த துணியோடு பொழுது முழுவதும் வயலில் நிற்கிற நம்மவர்களை இது விடாமல் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

வந்த இடம் கூச்சப்படும் இடம். அதனால் மறைக்கிறோம். கணவர் மனைவியிடம் சொல்வதில்லை. மனைவி நர்ஸம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. "அவருக்கு எங்கேயிருந்து வந்துச்சோ?" என்ற சந்தேகத்தில் பேச்சே நின்றுபோன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொடையிடுக்கில் படர்தாமரை வந்தால் அவர் தப்பான வழியில் போனார் என்று அர்த்தம் இல்லை. ஒரே துண்டில் துடைத்தால் தொற்றும். ஒரே பாயில் ஒட்டிப் படுத்தால் தொற்றும். முகத்திலே செதில் கட்டிய கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுத்தாலும் தொற்றலாம். வீட்டில் ஒருவர் மட்டும் மருந்து போட்டு ஆற்றிக்கொண்டால், ஆறாதவரிடமிருந்து அடுத்த மாதமே திரும்பி வந்துவிடும். ஆகவே இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கோ, உடன் இருக்கும் மாமியாருக்கோ அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள்.

இனி அந்த டியூப் விஷயம். "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மெண்ட் குடுங்க" என்று கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பு. அதிலே ஸ்டீராய்டு இருக்கும். அட்டையில் குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தால் அதுதான். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். "ஆஹா, நல்ல மருந்து!" என்று நினைப்போம். உண்மையில் பூஞ்சை சாகவில்லை. அதை எதிர்க்கும் உடம்பின் சக்தியைத்தான் அந்த ஸ்டீராய்டு அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினதும் முன்னைவிட அகலமாகப் படரும். மறுபடி டியூப், மறுபடி காசு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, தொடையில் பிரசவ வரி போலக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு மறையாது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் உத்தரவே போட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. நாம்தான் கேட்காமல் இருக்க வேண்டும்.

பூஞ்சையும் பழைய பூஞ்சை இல்லை. இப்போது நம் நாட்டில் பரவியிருப்பதை 2020-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்து, இந்தியாவின் பெயரையும் சேர்த்து டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் என்னும் மாத்திரைக்கு அது பல பேரிடம் மசிவதில்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று எண்ணாதீர்கள். டாக்டர் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னால் தயங்க வேண்டாம், அது வலிக்காது. கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் மாத்திரை எழுதும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலும் சொல்லுங்கள்.

களிம்பைச் சிவந்த இடத்தில் மட்டும் தடவினால் போதாது. வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துத் தடவ வேண்டும், பூஞ்சை அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதுதான் நம்மிடம் உள்ள பெரிய குறை. தோல் தெளிந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை, அது மாதக்கணக்கானாலும், போட்டே ஆக வேண்டும்.

வயலிலிருந்து வந்ததும் குளித்து, இடுக்குகளில் ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். ஆளுக்கு ஒரு துண்டு. உள்ளாடை, கைலி, பாவாடை எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். வெட்கப்பட்டு உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் ஈரம் போகாது! அரைஞாண் கயிற்றைக் குணமாகும் வரை கழற்றி வையுங்கள், பிறகு புதுக்கயிறு கட்டிக்கொள்ளலாம். முந்திரிக்கொட்டை எண்ணெய், மண்ணெண்ணெய் தடவுவது வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும்.

இன்னொன்று. தோலில் வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருந்து, அது அரிக்காமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல் இருந்தால் அது படர்தாமரை அல்ல, தொழுநோயாக இருக்கலாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே மருந்து தருகிறார்கள், முழுக்கவே குணமாகும். உடனே காட்டுங்கள்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட டியூப்களையும் கையோடு எடுத்துப் போங்கள், பிதுக்கித் தீர்ந்த காலி டியூப் ஆனாலும் சரி. அதில் அச்சடித்த பெயரைப் பார்த்தால்தான் இத்தனை நாளாக எதைப் போட்டு வந்தீர்கள் என்று அவருக்குத் தெரியும்.