இனிப்பு நீர் உள்ள கூட்டாளிக்கு எப்படித் துணை நிற்பது?

இந்த மாதப் பாடத்தை ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். தப்பு என்னுடையதுதான்.

நான் ஐந்தாம் படிவம் படித்த சமயம். கோல கெட்டில் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்கு முன் கோத்தோங்-ரோயோங். காலையிலிருந்து புல் வெட்டி, கூடாரம் தூக்கி எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். என் கூட்டாளி ஒருவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே இனிப்பு நீர். இன்சுலின் போடுகிறவன். பதினொரு மணி வாக்கில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மேசையில் இருந்த சிராப் தண்ணீரை எடுத்தான். நான் பறித்துவிட்டேன். "டேய், உனக்குத்தான் இனிப்பு ஆகாதே, என்னடா பண்ற?" என்று சத்தம் வேறு போட்டேன். சுற்றி நின்றவர்களும் "அவன் சொல்றது சரிதான்" என்றார்கள்.

அவனுக்கு வாய் குழறியது. அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டான். நல்ல வேளை, அவன் அக்கா ஓடி வந்து சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். தெளிந்த பிறகு என்னைப் பார்த்து அவன் சொன்னது இதுதான்: "எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்டா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அந்தக் கேள்விதான் இன்றைய பாடம்.

நம்ம வீட்டுக் கதை

2019ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். சுங்கை பட்டாணியிலோ பீடோங்கிலோ குலிமிலோ நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு மேசையைச் சுற்றி எண்ணிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இதில் இரண்டு வகை இருப்பதை முதலில் தெரிந்துகொள்வோம். முதல் வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் வரும். இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, அம்மா கவனிக்காததால் வந்ததும் அல்ல. இன்சுலின் இல்லாமல் இவர்கள் உயிர் வாழ முடியாது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது, போகப் போகப் போதாமலும் போகும். பரம்பரை, உடல் எடை, உழைப்புக் குறைவு எல்லாம் இதில் சேரும். முன்பு தாத்தா பாட்டிக்கு வந்தது, இப்போது இருபது வயதிலும் வருகிறது.

ஏர்கோனும் கணையமும்

நான் பொறியியல் மாணவன். வகுப்பில் கட்டுப்பாட்டு முறை படித்தபோதுதான் என் கூட்டாளியின் வாழ்க்கை எனக்குப் புரிந்தது. ஏர்கோனை 24 டிகிரியில் வைக்கிறோம். அது அறையின் சூட்டை அளக்கிறது, 24உடன் ஒப்பிடுகிறது, கூடினால் ஓடுகிறது, குறைந்தால் நிற்கிறது. அளப்பது, முடிவு எடுப்பது, செயல்படுவது. இந்த மூன்றும் ஓயாமல் நடக்கின்றன. ஆரோக்கியமான உடம்பில் இந்த வேலையைக் கணையம் நமக்குத் தெரியாமலே செய்கிறது.

முதல் வகை நீரிழிவு உள்ளவனுக்கு அந்த வேலையை அவனேதான் செய்ய வேண்டும். விரலில் குத்தி அளக்கிறான். எவ்வளவு சோறு, எவ்வளவு ஓட்டம் என்று கணக்குப் போடுகிறான். ஊசி போடுகிறான். ஒரு நாளைக்குப் பல தடவை, லீவு இல்லாமல். இரண்டாம் வகைக்காரருக்கு ஊசி இல்லாமல் இருக்கலாம், ஆனால் தினசரி முடிவு எடுப்பது அவரும்தான். டாக்டர் சில மாதங்களுக்கு ஒரு முறைதான் பார்க்கிறார். இடையில் உள்ள நாளெல்லாம் அவர்கள் கையில்தான்.

இன்சுலின் ஊசி முதன்முதலில் போடப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரொண்டோ நகரில், லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் நீட்டிக்கத்தான் முடிந்தது. மருந்து வந்தது. ஆனால் அந்த மருந்தைத் தினமும் சரியாகப் போடுவது ஒரு இளைஞனின் பழக்கமாக மாறினால்தான் பலன்.

நம் திருவள்ளுவரும் இதைச் சொல்லியிருக்கிறார். 'மருந்து' என்ற 95ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று உதவுபவர். முதல் இடம் நோயாளிக்கு. நாம் நான்காவது ஆள். அன்றைக்கு நான் செய்தது, நான்காவது ஆள் முதல் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சாவியை ஒப்படைக்கும் விதம்

நிறைய வீடுகளில் அம்மாதான் அளப்பார், அம்மாதான் ஊசி போடுவார், டாக்டர் கேட்டால் அம்மாதான் பதில் சொல்வார். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை ஆஸ்ரமாவுக்குப் போகும்போது, அல்லது குலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் ஏறும்போது, திடீரென்று எல்லாம் அவன் தலையில் விழும். சாப்பாட்டு நேரம் மாறும், தூக்கம் மாறும். யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்க வேண்டும். முதலில் மீட்டர் எண்ணைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும். பிறகு அம்மா பக்கத்தில் இருக்க, தானே ஊசி போடட்டும். பிறகு கிளினிக்கில் முதலில் அவனே பேசட்டும், அம்மா விட்டதைச் சேர்த்துச் சொல்லட்டும். கடைசியாக மருந்து முடியும் தேதியை அவனே பார்த்து வாங்கட்டும். "இனி உன் பாடு" என்று ஒரே நாளில் கையை விடுவதும் தப்புதான்.

ஏழு படிவம் எழுத வேண்டியதில்லை, இவ்வளவு தெரிந்தால் போதும்

சர்க்கரை இறங்கினால்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, கோபம், குழறல். நம் நாட்டு மீட்டரில் 3.9க்குக் கீழே. உடனே 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது சாதாரண இனிப்புப் பானம். 'ஜீரோ சுகர்' வேண்டாம். சாக்லெட் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு பிஸ்கட்டோ சோறோ சாப்பிடட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999 கூப்பிடுங்கள்.

சர்க்கரை மிகவும் ஏறினால்: தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு. வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாசனை வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சுலின்: திறக்காதது குளிர்ப்பெட்டியில், உறையும் இடத்தில் அல்ல. திறந்த பேனாவை வீட்டில் குளிர்ந்த இடத்தில் வைத்து ஏறக்குறைய நான்கு வாரம் பயன்படுத்தலாம். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்தால் வெயிலில் கெட்டுப் போகும்.

விரதம்: தைப்பூசம், கந்த சஷ்டி, புரட்டாசி என்று நாம் விரதம் இருப்போம். விரதத்துக்காக இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. ரமலான் நோன்புக்கு முன் முஸ்லிம் நோயாளிகளுக்கு மருந்து அளவை எப்படி மாற்றுவது என்று நம் நாட்டு டாக்டர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. நம் விரத நாட்களையும் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்று அவர் சொன்னால், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். உடம்பைக் காப்பதும் வழிபாடுதான்.

நாம் செய்யக்கூடியது

முதலில், போலீஸ் வேலையை நிறுத்துவோம். "நீ இதைச் சாப்பிடலாமா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால், அடுத்த தடவை அவன் மறைந்து சாப்பிடுவான், ஊசியையும் மறைந்தே போடுவான், அல்லது போடாமலே விடுவான். அதற்குப் பதிலாக, "உனக்கு இறங்கினா நான் என்ன செய்யணும்?" என்று தனியாகக் கேளுங்கள். அதற்கப்புறம் அவன் சொன்னபடி செய்யுங்கள்.

மாமாக் கடையில் அவன் ஒருவனுக்கு மட்டும் 'தே ஓ கோசோங்' சொல்லாமல், நாமும் அதையே சொன்னால் அவனுக்குத் தனிமை தெரியாது. நமக்கும் நல்லது. நம் வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்தால் நாமும் ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளிதான்.

என் கூட்டாளி இப்போது சுங்கை பட்டாணியில் வேலை செய்கிறான். போன மாதம் சேர்ந்து புட்சால் விளையாடினோம். ஆட்டம் தொடங்குமுன் தன் பையைக் காட்டி, "சீனி பாக்கெட் இந்த ஜிப்ல இருக்கு" என்றான். நான் கேட்காமலே சொன்னான். என்னை நம்புகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளைக் கூட்டத்தில் பேச

1. நம் கிளையில் அல்லது குடும்பத்தில் இனிப்பு நீர் உள்ள இளைஞர் ஒருவரிடம் நாம் போலீஸ் வேலை பார்த்தது உண்டா?

2. அடுத்த முகாமில் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கினால், சீனி எங்கே இருக்கும்? யார் 999 கூப்பிடுவது?

3. இருவர் இருவராக நடித்துப் பாருங்கள்: ஒருவருக்கு நடுக்கம், மற்றவர் உதவுகிறார். முதலில் வாயில் வரும் வார்த்தை கேள்வியாக இருக்கட்டும், கட்டளையாக வேண்டாம்.