சோலார் ப்ராஜெக்ட்: எந்த வழியில் கணக்கிடுவது?

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இந்த ஆண்டும் எங்கள் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மாணவர்களில் பாதிப்பேர் ஒரே தலைப்போடு வந்து நின்றார்கள்: வீட்டு சோலார் மின் உற்பத்தியை ஏ.ஐ. மூலம் கணிப்பது. ஏன் இது என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "அப்பா சொன்னாங்க சார், தலைப்புல ஏ.ஐ. இருந்தாத்தான் பிளேஸ்மென்ட்ல மதிப்பாங்களாம்" என்றான். மூன்று கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் தரும் என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

மின் உற்பத்தியைக் கணக்கிட வழிகள் பல உண்டு. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் என்பது வாய்க்கணக்கு. பி.வி.வாட்ஸ் என்ற இணையக் கணிப்பானில் ஊரையும் பேனலின் சாய்வையும் கொடுத்தால் மாதவாரியாக எண் வரும், செலவில்லை. பி.வி.சிஸ்ட் என்ற மென்பொருள் நிழலையும் சேர்த்துப் பார்க்கும், பழக நாளாகும். இவற்றில் எதை எடுத்தாலும் நஷ்டமில்லை.

ஏ.ஐ. வழிதான் கவலை தருகிறது. பல பேர் எடுத்து வருவது கேகிள் தளத்தில் கிடைக்கும் ஒரே தரவுத்தொகுப்பு. இந்தியாவின் இரண்டு சோலார் மின்நிலையங்களில் 2020 மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, 34 நாள் எடுத்தது. அதில் ஐப்பசி மழை கிடையாது, மார்கழி வெயில் கிடையாது, பக்கத்து வீட்டுத் தென்னையும் கிடையாது. அதில் பழகிய ஏ.ஐ. நம் வீட்டு டிசம்பரைப் பற்றி எதைச் சொல்லும்? இன்னொன்று: அந்தத் தரவில் வெயிலின் அளவும் கூடவே இருக்கிறது. வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும், ஏறக்குறைய நேர்கோட்டில். வெயிலைக் கையில் கொடுத்துவிட்டு மின்சாரத்தைக் கேட்டால் 98 சதவீதம் சரியாக வரத்தான் செய்யும். அதைச் சாதனை என்று வைவாவில் சொல்லும்போது, தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சிலர் ப்ராஜெக்ட்டையே காசு கொடுத்து ஆயத்தமாக வாங்கி வருகிறார்கள். அவர்கள் நிலை இன்னும் பாவம்.

எனக்குப் பிடித்தது மாடியில் ஏறி நேரில் அளந்து பார்க்கும் வழி. நான் மொட்டை மாடிக்காரன், ஒளிக்கவில்லை. என் வீட்டில் மூன்று கிலோவாட் மாட்டியவர் தினம் 15 யூனிட் வரும் என்றார். மூன்றை ஐந்து மணி நேர முழு வெயிலால் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். பேனலில் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியத்தில் என் மாடியில் அது 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலே 12 சதவீதம் போயிற்று. தூசி, வயர், இன்வர்ட்டர் எல்லாம் சேர்ந்து கால்பங்கு கழியும். ஆண்டுச் சராசரியாக எனக்கு வந்தது 11.

டிசம்பரில் அதுவும் 8 ஆனது. மேகம்தான் காரணம் என்று இருந்தேன். ஒரு நாள் நல்ல வெயிலில் மேலே போய்ப் பார்த்தால், தெற்கே மாடிப்படி அறைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலின் கீழ்விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் படிந்திருந்தது. செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு வரிசை இருண்டால் அதோடு கோத்த மற்றவையும் இறங்கிவிடும். மாட்டியது மே மாதம். அப்போது எங்கள் சென்னையில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே சாயும். டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கும்போது, மாடித் தரையிலிருந்து தொட்டி உச்சிவரை உள்ள நாலரை மீட்டர் உயரத்துக்கு நண்பகலிலேயே மூன்று மீட்டருக்கு மேல் நிழல் நீளும்.

நிரல் எழுதுவதில் உண்மையிலேயே ஆசை உள்ளவர்கள் ஏ.ஐ. எடுங்கள், ஆனால் உங்கள் ஊர் மாடியில் நீங்களே ஓராண்டு சேர்த்த தரவோடு. டேப் பிடித்து வெயிலில் நிற்கப் பிடிக்கும் பிள்ளையை, பெற்றோரே, தயவுசெய்து கணினி முன் தள்ளாதீர்கள். தினம் மாலை ஆறு மணிக்கு அன்று வந்த யூனிட் எண்ணை எழுதி வைக்கும் பொறுமை சின்ன விஷயமில்லை. முதல் மாதம் சலிக்கும். மூன்றாம் மாதம் எண்ணைப் பார்த்ததும் அன்றைய வானம் நினைவுக்கு வரும்.

எண்ணை இன்வர்ட்டர் திரையில் பாருங்கள். மின்வாரிய மீட்டரில், பேனல் தந்ததில் வெளியே போனதுதான் தெரியும், வீட்டுக்குள் செலவானது வராது. நிழலின் ஓரத்தைக் காலை ஒன்பது, பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு மாதம் ஒருமுறை தரையில் குறியுங்கள். சுண்ணக்கட்டி முதல் மழையிலேயே போய்விடும். கால் லிட்டர் பெயின்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.